மூன்று நிமிடம், உரைபெயர்ப்பு உட்பட

புதிய விதிமுறை ஒரே பக்கம்.
வலயம் மாற்ற ஒரே அமர்வு,
ஒத்திவைப்பு இல்லை,
தலைக்கு மூன்று நிமிடம்,
உரைபெயர்ப்பு உட்பட.

அந்த ‘உட்பட’ நான்தான்.

சுவரில் வரைபடம் தொங்கியது.
குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம்,
வரப்போகும் ஹோட்டல்கள் செம்மஞ்சள்.
கடல் வெள்ளை.
கடலுக்கும் மஞ்சளுக்கும் நடுவே
வலை காயும் மணலும் வெள்ளை.
மை தீர்ந்துபோச்சோ என்று பின்வரிசையில் ஒரு குரல்.
‘வெற்றுக்காணி’ என்றார் நிலஅளவையாளர்,
வரைபடத்தைப் பார்த்தபடியே.

பழைய விசாரணையைப் புகழ வரவில்லை நான்.
பதினொரு மாதம் இழுத்தது அது.
நாலு தடவை தள்ளிவைத்தார்கள்,
ஒருமுறை தலைவருக்குக் காய்ச்சல்,
ஒருமுறை ஜெனரேட்டருக்கு.
ஜமாலியாவிலிருந்து ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்த
ஹம்சியா உம்மா
கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துவிட்டு
அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்.
‘கெதியா முடியுங்கோ,
ஒருநாள் கடல் இல்லையெண்டால் ஒருநாள் உலையில்லை’ என்று
மனுக் கொடுத்தவள் ரெஜினா செபமாலை.
சிங்களத்தில் அதை எழுதிக் கொடுத்தவன் நான்.
கேட்டது கிடைத்தது.

ஒன்பது மணிக்குத் தொடங்கி
பத்தரைக்குள் முப்பது பேர்.
மேசை மணியை ஒரு பயிலுனர் பையன் அடித்தான்,
ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு.
பன்னிரண்டாம் இலக்கம் பியசீலி, கருவாட்டுக் கடை.
சிங்களத்தில் பேசினார்.
அவருக்கு மூன்று நிமிடமும் மூன்று நிமிடமாகவே இருந்தது.

பத்தொன்பது ரெஜினா.
‘அது எங்கட பாடு’ என்றாள்.

கரைவலை இழுக்கும் இடத்துக்கு அதுதான் பெயர்.
இழுப்பவர்கள் படுவதற்கும் அதுதான் பெயர்.
விளக்கப் போனால் நாற்பது விநாடி.
அந்த நாற்பதில் அவள்
மாமன் நட்ட எல்லைக் கம்பைச் சொல்லலாம்,
வாடை பிறந்தால் தோணி ஏற்ற வேறு மணல் இல்லை என்று சொல்லலாம்.
கணக்குப் போட்டேன்.
சொல்லை அப்படியே கடத்திவிட்டேன்: பாடு.

கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் நிமிர்ந்தார்.
அவரிடமும் அந்தச் சொல் இருந்தது,
வால் கொஞ்சம் நீண்டு, பாடுவ.
நட்டம்.
‘எவ்வளவு?’ என்றார்.
‘எவ்வளவு?’ என்றேன் தமிழில்.
ரெஜினா இரண்டு கையையும் விரித்தாள்,
‘அந்தக் கூனல் தென்னையிலிருந்து
ஐஸ் கொம்பனி மதில் மட்டும்.’
மணி.

பியசீலி எழும்பினார்.
‘அது நட்டமில்லை சேர், இடம். எங்கட ஆக்களும் அப்படித்தான் சொல்லுறது.’
உங்கள் இலக்கம் முடிந்துவிட்டது, அமருங்கள் என்றார்கள்.
மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

பதிவேட்டில் இப்படி விழுந்தது:
இல. 19. நட்டம் கோருகிறார்.
தொகை குறிப்பிடவில்லை.

வெளியே புள்ளிமான் ஒன்று
குப்பைத் தொட்டிக்குள் தலைவிட்டு
எங்கள் இலக்கத் துண்டுகளை மென்றுகொண்டிருந்தது.
பதினொன்றா, இருபதா, அதற்குக் கவலையில்லை.

‘தம்பி’ என்றாள் ரெஜினா,
‘என்ர மூண்டு நிமிசத்தில நீ எவ்வளவு எடுத்தனி?’
ஒரு நிமிடம் இருபது என்றேன்.
‘அதைத் தா.’

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
மணலைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை.
மகளுக்குக் கண்ணாடி மாத்த வேணும்,
போன கிழமை கும்பளா நல்லாப் பட்டது,
செருப்பு வார் இப்பத்தான் அறுந்தது
என்றெல்லாம் சொன்னாள்.
நான் எதையும் எந்த மொழிக்கும் மாற்றவில்லை.
ஐம்பதாவது விநாடியில் நிறுத்தி
அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

‘மிச்சத்தை வச்சிரு.
அப்பீலுக்கு வேணும்.’